பெரிய காவல்காரன் வைத்தால் படம் வராது!



போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு டிவியின் ஹெச்.டி.எம்.ஐ. போர்ட் போய்ச் சேர்ந்தது. தப்பு முழுக்க என்னுடையதுதான். "இடி இடிக்குது, ஒயரைப் புடுங்குடா"ன்னு அப்பாயி மூன்று தடவை சொன்னது. மேட்ச் முடிய இன்னும் இரண்டே ஓவர். "இரு அப்பாயி, இதோ"ன்னு நான் இழுக்க, பக்கத்தில் எங்கேயோ ஒரு இடி. கேபிள் ஒயரில் வந்தது செட்டாப் பாக்ஸுக்குள் போய், அங்கிருந்து ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக டிவிக்கும் போய்விட்டது. திரையில் 'நோ சிக்னல்'. யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் பேப்பரில்தான் பார்த்தேன்.

மெக்கானிக் அண்ணன் வந்து போர்டைக் கழட்டி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். போர்ட்டுக்குப் பின்னால், எள்ளு சைஸில் கருப்பாக ஒன்று. "இவன்தாம்பா காவல்காரன். வோல்டேஜ் கூட வந்தா இவன் வாங்கிப்பான், உள்ள இருக்கற சிப் தப்பிக்கும்." "ஏண்ணே, இவ்வளவு பெரிய டிவிக்கு இத்தனூண்டு காவல்காரனா? கொஞ்சம் பெரிசா வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து கூடப் பார்க்காமல், "பெரிசா வெச்சா படம் வராது தம்பி" என்றார்.

இந்த ஒரு வரிதான் என்னை இரண்டு வாரம் தூங்க விடவில்லை. காவல்காரன் பெரிசாக இருந்தால் ஏன் படம் வராது? தேடப் போனால் அது 160 வருஷத்துக்கும் மேலான கதையாக விரிந்தது.

டிஸ்கி: நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஈ.சி.ஈ. படிக்கும் நண்பர்கள் சிரிக்காமல் படிக்கவும், தப்பு இருந்தால் திருத்தவும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

0, 1 என்று இரண்டே நிலை வைத்துச் செய்தி அனுப்புவதுதான் டிஜிட்டல் என்றால், மின்சாரத்தில் அதை முதலில் பெரிய அளவில் செய்தது தந்திதான். ஒயரில் மின்சாரம் உண்டு, இல்லை, அவ்வளவுதான். அதிக வோல்டேஜ் என்ன செய்யும் என்பதற்கான முதல் பெரிய பாடமும் தந்தியில்தான் நடந்தது. அதை நடத்தியது இடி கூட இல்லை, அந்தக் கம்பெனியின் சொந்த ஆளே!

அயர்லாந்தின் வாலென்ஷியா தீவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை அட்லாண்டிக் கடலுக்கு அடியில் கேபிள் போட ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1,000 பவுண்டு பங்குகள் 350, ஆக மூலதனம் 3,50,000 பவுண்டு. (காமர்ஸ் புத்தி, முதலில் இதைத்தான் குறித்துக்கொண்டேன்.) கேபிள் கரை சேர்ந்தது 1858 ஆகஸ்ட் 5. ஆகஸ்ட் 16 அன்று விக்டோரியா ராணியின் வாழ்த்து அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்குப் போனது. நூறு சொல் கூட இல்லாத அந்தச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. நம் ஊர் தபால்காரர் சைக்கிளில் போயிருந்தால்... வேண்டாம், நடுவில் கடல்.

ஏன் இவ்வளவு மெதுவு? இதைப் புரிந்துகொண்டால் டிவி கதை பாதி புரிந்த மாதிரி. கடலடிக் கேபிள் என்பது நடுவில் செம்பு, சுற்றி கட்டாபெர்ச்சா என்ற பிசின் உறை, அதற்கு வெளியே கடல் தண்ணீர். இது ஒரு நீளமான மின்தேக்கி. ஒரு முனையில் மின்சாரம் கொடுத்தால், அது முதலில் இந்தப் பாத்திரத்தை நிரப்பும். பிறகுதான் மறுமுனையில் மட்டம் ஏறும். அடுத்த குறியை அனுப்பும் முன் பாத்திரம் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். கேபிளின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) ஏற்கெனவே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்.

கம்பெனியின் மின்துறைப் பொறுப்பு வைல்ட்மேன் வைட்ஹவுஸிடம் இருந்தது. அவர் தொழிலால் அறுவை மருத்துவர். தாம்சனின் கணக்கை அவர் ஏற்கவில்லை. சிக்னல் மெதுவாக வருகிறதா, இன்னும் வேகமாகத் தள்ளு! பெரிய தூண்டுச் சுருள்களை வைத்து 2,000 வோல்ட் அளவுக்குக் கொடுத்தார். செப்டம்பர் முதல் வாரத்திலேயே கேபிள் பேச்சை நிறுத்திவிட்டது. நியாயமாகச் சொன்னால் பழி முழுக்க அவர் தலையில் போட முடியாது. கேபிளே மோசமாகச் செய்யப்பட்டது, பல இடங்களில் செம்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. ஆனால் பலவீனமாக இருந்த உறையை ஓட்டை போட்டு முடித்துவைத்தது அந்த வோல்டேஜ்தான். 3,50,000 பவுண்டும் கடலில்.

இதற்கு எதிர்ப்பக்கம் 1866-ல் நடந்தது. அதற்குள் இரண்டு நல்ல கேபிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. நியூஃபவுண்ட்லாந்தில் இரண்டின் முனைகளையும் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு, வாலென்ஷியாவில் உட்கார்ந்திருந்த லாடிமர் கிளார்க் என்ற பொறியாளர் ஒரு வேலை செய்தார். தைக்கும்போது ஊசி குத்தாமல் இருக்கப் பெண்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் வெள்ளிக் குப்பி ஒன்றைக் கடன் வாங்கி, அதில் சில துளி அமிலம் விட்டு, ஒரு துண்டு துத்தநாகம் போட்டார். அதுதான் பேட்டரி. ஒரு வோல்ட் இருந்தால் அதிகம். அது அட்லாண்டிக்கைப் போகவும் வரவும் இரண்டு தடவை தாண்டி, தாம்சனின் கண்ணாடி கால்வனோமீட்டரில் தெளிவாகத் தெரிந்தது!

அனுப்புகிற இடத்தில் பலத்தைக் கூட்டுவதை விட, வாங்குகிற இடத்தில் காதைக் கூர்மையாக்குவது மேல் என்று அன்று முடிவானது. இன்றைய சிப் வரைக்கும் அதே வழிதான். ஆனால் கூர்மையான காதுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. தாம்சனின் கருவியில் இருந்தது ஒரு பட்டு இழையில் தொங்கும் குட்டிக் கண்ணாடியும் துளியூண்டு காந்தமும். ஒரு வோல்ட்டைக் கேட்கும் காதில் இடி விழுந்தால்?

இடி தந்தி ஆபீசுக்குள் வருவது அப்போது புதுசு இல்லை. ஊர் ஊராகக் கம்பத்தில் ஒயர் இழுத்தால், அது இடிக்குப் போட்ட ராஜபாட்டை. பிரான்சில் லூயி ப்ரெகே 1847-லேயே ஒரு யோசனை சொன்னார். ஆபீசுக்குள் நுழையும் முன் ஒரு இடத்தில் ஒயரை மிக மெல்லிசாக வைத்துவிடு, அதிக மின்சாரம் வந்தால் அது உருகி அறுந்துவிடும். நம் வீட்டு ஃபியூஸின் கொள்ளுத்தாத்தா. இன்னொரு வழி இடைவெளி. இரண்டு உலோகத் தகடுகளை மயிரிழை இடைவெளியில் எதிரெதிரே வைத்து, ஒன்றை ஒயரிலும் இன்னொன்றை பூமியிலும் இணைப்பார்கள். சாதாரண சிக்னல் அந்தக் காற்றைத் தாண்டாது. இடி வந்தால் தாண்டிக் குதித்து மண்ணுக்குள் போய்விடும். டெலிபோன் வந்த பிறகு தகட்டுக்குப் பதில் இரண்டு கரித் துண்டுகள். பிறகு காற்றுக்குப் பதில் வாயு அடைத்த குட்டிக் குழாய்.

இந்தக் காவல்காரனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இடைவெளியின் மின்தேக்குத் திறன் மிகக் குறைவு, அதனால் சிக்னலுக்கு அவன் இருப்பதே தெரியாது. கெட்ட குணம், அவனை எழுப்ப சில நூறு வோல்ட்டாவது வேண்டும், எழுந்திருக்கவும் நேரமாகும். மணி அடிக்கும் கருப்பு டெலிபோனுக்கு அது போதும். 1 வோல்ட்டில் வேலை செய்யும் சிப்புக்கு, அவன் கண் விழிப்பதற்குள் காரியம் முடிந்து பதினாறாம் நாள் விசேஷமே நடந்திருக்கும்.

நேரம் என்றதும் ஒரு சண்டையைச் சொல்லியே ஆகணும். எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. 1888-ல் ஆலிவர் லாட்ஜ் இடியைப் பற்றி ஆராயும்போது லேடன் ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, அது வெளியேற இரண்டு பாதை கொடுத்தார். ஒன்று, நீளமான தடித்த செம்புக் கம்பி. இன்னொன்று, வெறும் காற்று இடைவெளி. கம்பியின் மின்தடை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. யாரைக் கேட்டாலும் மின்சாரம் கம்பி வழியாகத்தான் போகும் என்பார்கள். ஆனால் பொறி காற்றைத் தாண்டிக் குதித்தது!

காரணம் வேகம். திடீரென்று பாயும் மின்சாரத்துக்கு, நேரான கம்பி கூட ஒரு தடைதான், அதைத் தூண்டல் என்கிறார்கள். நின்றிருக்கும் ரயிலை ஒரே நொடியில் வேகமெடுக்கச் சொல்வது மாதிரி. தண்டவாளம் எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் எடை இழுக்கும். அந்த வருஷம் செப்டம்பரில் பாத் நகரில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில், தபால் துறையின் வில்லியம் ப்ரீஸ் லாட்ஜோடு நேருக்கு நேர் மோதினார். ப்ரீஸ் அனுபவசாலி, அவர் மேற்பார்வையில் ஏராளமான இடிதாங்கிகள் இருந்தன. என் இடிதாங்கிகள் ஒழுங்காகத்தானே வேலை செய்கின்றன என்பது அவர் கட்சி. அன்று யார் ஜெயித்தார்கள் என்பதில் ஆளுக்கொரு கருத்து. ஆனால் இன்று சர்க்யூட் போர்டு வரைபவர்கள் எல்லோரும் லாட்ஜ் கட்சிதான்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நம் விரலிலிருந்து பாயும் பொறிக்கு எலக்ட்ரானிக் சாமான்கள் தாங்குமா என்று சோதிக்க ஐ.இ.சி. என்ற உலக அமைப்பு 1984-ல் ஒரு தரநிலை வெளியிட்டது. இன்று அதன் பெயர் 61000-4-2. அதன்படி 8,000 வோல்ட் தொடு சோதனையில் 30 ஆம்பியர் மின்சாரம் 1 நானோ செகண்டுக்குள் ஏறும். ஒரு நானோ செகண்ட் என்பது ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. போர்டில் ஒரு சென்டிமீட்டர் கோட்டின் தூண்டல் தோராயமாக 10 நானோ ஹென்றி. பெருக்கி வகுத்தால் அந்த ஒரு சென்டிமீட்டரிலேயே 300 வோல்ட் நிற்கிறது. காவல்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அவனிடமிருந்து பூமிக்குப் போகும் கோடு ஒரு சென்டிமீட்டர் நீண்டால், சிப்புக்கு 300 வோல்ட் அடி. என் டிவியில் அந்த எள்ளு, போர்ட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

இனி சிப்புக்குள் போவோம். 1959-ல் பெல் லேப்ஸில் அட்டாலாவும் காங்கும் மாஸ்ஃபெட்டை உருவாக்கினார்கள். இன்று உங்கள் போனில் கோடிக்கணக்கில் இருப்பது இதன் வாரிசுகள்தான். இதன் வாசலுக்கு கேட் என்றே பெயர். கேட்டுக்கும் உள்ளே இருக்கும் சிலிக்கனுக்கும் நடுவில் மெல்லிய கண்ணாடிப் படலம், சிலிக்கன் ஆக்சைடு. மின்சாரம் உள்ளே போகாமலேயே வெளியில் நின்று தொட்டுப் பார்த்து வேலை வாங்குகிறது. தாம்சனின் கண்ணாடியை விடக் கூர்மையான காது.

கண்ணாடியாச்சே, உடையும். ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் தாங்கும். அந்தக் காலத்தில் 100 நானோமீட்டர், ஆக 100 வோல்ட் தாண்டினால் போச்சு. இன்றைய வேகமான சிப்களில் படலம் சில நானோமீட்டர்தான், தாங்குவதும் சில வோல்ட்தான். இந்தப் பக்கம் நாம். நைலான் சட்டை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறும். 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் விரலில் சுருக் என்று கூடத் தெரியாது. நமக்குத் தெரியாமலேயே கொலை செய்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்! அதனால் ஆரம்பகால மாஸ்ஃபெட்களின் கால்களை எல்லாம் ஒரு வளையம் போட்டுச் சேர்த்துக் கட்டி விற்றார்கள். சால்டர் வைத்து முடித்த பிறகுதான் அந்த வளையத்தைக் கழட்ட வேண்டும்.

ஆர்.சி.ஏ. கம்பெனி 1968-ல் 4000 வரிசை சிமாஸ் சிப்களைக் கொண்டுவந்தது. இவ்வகைச் சிப்களுக்கு வாசலிலேயே காவல் போடும் பழக்கம் வந்தது. உள்ளே வரும் கோட்டிலிருந்து மேலே மின்சப்ளைக்கு ஒரு டையோடு, கீழே பூமிக்கு ஒரு டையோடு. சப்ளையை விட சுமார் 0.7 வோல்ட் கூடினால் மேல் கதவு திறக்கும், பூமியை விட அவ்வளவு இறங்கினால் கீழ்க் கதவு. கூட்டத்தை மட்டுப்படுத்த வழியில் ஒரு ரெசிஸ்டர். எளிமையான ஏற்பாடு. ஆனால் இது நொடிப்பொழுது வந்து போகும் விருந்தாளிக்கு மட்டும்தான். 1990-களில் சிப்கள் 5 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு இறங்கியபோது, பழைய 5 வோல்ட் சிப்பைப் புதுசோடு நேராக இணைத்தால் மேல் கதவு மூடவே மூடாது, மின்சாரம் பின்வாசல் வழியாக சப்ளைக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதனால் '5 வோல்ட் தாங்கும்' என்று எழுதிய சிப்களில் மேல் டையோடையே எடுத்துவிட்டு, வேறு விதமாகப் பூமிப் பக்கம் மட்டும் காவல் வைத்தார்கள். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை ராஸ்பெர்ரி பையின் 3.3 வோல்ட் காலில் நேராகச் செருகி ப்ராஜெக்ட்டைக் கருக்கிய என் அறைத்தோழனுக்கு இந்தப் பத்தி சமர்ப்பணம்.

குறிப்பிட்ட வோல்ட்டில் கதவு திறக்கும் ஸீனர் டையோடும் இந்த வம்சம்தான். கிளாரன்ஸ் ஸீனர் 1934-ல் எழுதியது, திடப்பொருளில் காப்பு எப்படி உடைகிறது என்ற தியரி மட்டும். டையோடுக்கு அவர் பெயர் பிறகு வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய 6 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யும் 'ஸீனர்'களில் பெரும்பாலும் நடப்பது அவர் சொன்ன விளைவே இல்லை, வேறு ஒன்று.

இப்போது மெக்கானிக் அண்ணனின் வரிக்கு வந்தாச்சு. டையோடும் ஒரு குட்டி மின்தேக்கி. அதிக மின்சாரம் தாங்க அதைப் பெரிசாகச் செய்யணும், பெரிசாகச் செய்தால் மின்தேக்குத் திறன் கூடும். 1858-ல் கடலுக்கடியில் படுத்திருந்த அதே பாத்திரம் இப்போது காவல்காரன் உருவத்தில்! ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வேரிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மட்சுஷிடா கம்பெனியில் மட்சுவோகா துத்தநாக ஆக்சைடை வைத்துச் செய்த அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் நூற்றுக்கணக்கான பிகோ ஃபாரட் இருக்கும். வீட்டுக் கரண்டுக்கு அது பொருட்டே இல்லை. வெறும் 100 பிகோ ஃபாரடை 50 ஓம் சிக்னல் கோட்டில் வைத்தாலே பாத்திரம் நிரம்ப 5 நானோ செகண்ட். 2000-ல் வந்த யு.எஸ்.பி. 2.0-ல் ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே சுமார் 2 நானோ செகண்ட். 2008-ல் வந்த யு.எஸ்.பி. 3.0-ல் 0.2. 2013-ன் ஹெச்.டி.எம்.ஐ. 2.0-ல் அதை விடக் குறைவு. பாத்திரம் நிரம்புவதற்குள் இருபது முப்பது பிட் கடந்து போயிருக்கும். படம் வராது தம்பி!

அப்புறம் எப்படி? ஒரு தந்திரம் செய்தார்கள். பெரிய ஸீனரைக் கோட்டில் நேராக வைக்காமல், நடுவில் மிகச் சின்ன டையோடு ஒன்றை வைத்தார்கள். இரண்டு மின்தேக்கிகளைத் தொடராக வைத்தால் மொத்தம் சின்னதை விடக் குறைவாகத்தான் இருக்கும் (பத்தாவது அறிவியல் பாடத்தில் ரெசிஸ்டர்களைப் பக்க இணைப்பில் போட்ட மாதிரி). சிக்னலுக்குச் சின்னவன் மட்டும்தான் தெரிவான். அடி வந்தால் சின்னவன் வழிவிட, பெரியவன் வாங்கிக்கொள்வான். அரை பிகோ ஃபாரடுக்கும் கீழே போனார்கள், அதாவது 50 ஓம் கோட்டில் வெறும் 0.025 நானோ செகண்ட். என் டிவி எள்ளு இந்த ஜாதி.

சிப்புக்குள்ளேயே இருக்கும் காவலுக்கு இந்தத் தந்திரமும் போதவில்லை. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்டால் நம்ப மாட்டீர்கள். காவலைக் குறைத்தார்கள்! மனித உடம்பின் பொறியைப் போலச் செய்யும் சோதனையில் ஒவ்வொரு சிப்பும் 2,000 வோல்ட் தாங்கணும் என்பது பல வருஷமாக எழுதப்படாத சட்டம். 2007-ல் கம்பெனிகள் சேர்ந்து அமைத்த ஒரு குழு, விற்ற பல நூறு கோடி சிப்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. 2,000 தாங்கியவற்றுக்கும் அதில் கால்வாசி தாங்கியவற்றுக்கும், பழுதாகித் திரும்பி வந்த விகிதத்தில் சம்பந்தமே தெரியவில்லை. தொழிற்சாலைகளில் மணிக்கட்டுப் பட்டை, மின்கடத்தும் தரை என்று கட்டுப்பாடு வந்துவிட்டதால் அவ்வளவு அடி சிப்புக்கு விழுவதே இல்லை. ஆகவே 1,000 போதும் என்றார்கள். பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்கிறோம், கிளெய்ம் வருவதே இல்லை, பாலிசியைக் குறைப்போம் என்கிற மாதிரி. எனக்கு இந்தக் கணக்கு சரியாகத்தான் படுகிறது. ஆனால் தொழிற்சாலைக்குள் சரி. தொழிற்சாலைக்கு வெளியே நான் இருக்கிறேன், இரண்டு ஓவர் மேட்ச் பார்த்துக்கொண்டு. அதற்குத்தான் போர்ட்டுக்குப் பக்கத்தில் தனியாக அந்த எள்ளு. அதுவும் விரல் பொறிக்குச் செய்தது. விரல் பொறி நூறு நானோ செகண்டில் அடங்கிவிடும். இடி கொண்டுவரும் அலை மைக்ரோ செகண்ட் கணக்கில் நின்று அடிக்கும், பல நூறு மடங்கு நேரம். அவனுக்கு அந்தச் சக்தி இல்லை.

இந்த வகைக் காவல்காரர்கள் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாவார்கள். அதாவது கோட்டையும் பூமியையும் கட்டிப் பிடித்தபடி. அதனால்தான் 'நோ சிக்னல்'. அண்ணன் சூடான காற்றை அடித்து அந்த எள்ளை எடுத்துக் கீழே தட்டிவிட்டு, போர்ட்டில் கேபிளைச் செருகினார். படம் வந்தது! பின்னால் இருந்த பெரிய சிப்புக்கு ஒரு கீறல் இல்லை. போர்டு மாற்றியிருந்தால் புது டிவி விலையில் பாதி ஆகியிருக்கும். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"புதுசு போடலையாண்ணே?"

"இந்த சைஸ் எங்கிட்ட இல்ல. இல்லாமலும் ஓடும்."

ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வானம் கருத்தால் இப்போதெல்லாம் அப்பாயி என்னிடம் சொல்வதில்லை, தானே போய் கேபிளைப் பிடுங்கிவிடுகிறது.